இமைப்பொழுதும் இருபாதி மூளையும்

தமிழ் இலக்கணம் பயின்றோர் யாவரும் மாத்திரை என்னும் கால அளவை அறிவர். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் வரையறுத்தது. குறில் ஒலிக்க ஒரு மாத்திரை. நெடில் ஒலிக்க இரண்டு. இக்காலக் கருவிகளைக் கொண்டு அளந்தால், ஓர் இமைப்பு விநாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரை நீடிப்பது தெரிகிறது. ஒலியை அளக்க நம் முன்னோர் கொண்ட இச்சிறு பொழுதிற்குள் நம் கண்ணும் மூளையும் எவ்வளவு காண்கின்றன? மூளையின் இரு பாதிகளும் அக்காட்சியை ஒரே வகையாகக் காண்கின்றனவா? இவையே இன்று நாம் ஆராயப் புகும் வினாக்கள்.

நேயர்களே, தாயகம் விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு, விரைந்து கண்டறிவது அன்றாடத் தேவை. தில்லி மாநகரில் தெருப் பெயர்ப் பலகைகளிலே தேவநாகரி, ஆங்கிலம், குருமுகி, உருது என நால்வகை எழுத்துகள் காணப்படும். ஓடும் பேருந்திலிருந்தபடியே அவற்றுள் நாம் அறிந்த எழுத்தைப் பொறுக்கியெடுத்து, இறங்க வேண்டிய இடம் இதுதானா என்று முடிவு செய்கிறோம். மும்பைப் புறநகர் ரயிலில் அலைமோதும் கூட்டத்தினிடையே, பழகிய நண்பர் ஒருவரின் முகத்தைக் கண நேரத்தில் இனங்கண்டு கை அசைக்கிறோம். எழுத்தை அறிவதும் முகத்தை அறிவதும் கண்ணின் வழியே நிகழ்வனவே. ஆயினும் இவ்விரண்டிலும் மூளையின் இரு பாதிகளும் ஏற்கும் பங்கு ஒத்ததன்று.

இச்செய்தியை நாம் அறிந்துகொள்வதால் இரு பயன்கள் உண்டு. ஒன்று, மூளையின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்லிப் பரப்பப்படும் கதைகளை எடைபோட அது உதவும். மற்றொன்று, வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் திடீரென்று உலகின் ஒரு பாதியைக் காணாது போனால், அது என்னவென்று புரிந்துகொண்டு காலத்தே செயற்படவும் அது துணைசெய்யும்.

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் வழி

இடக்கண் காண்பது வலப்பாதி மூளைக்கும், வலக்கண் காண்பது இடப்பாதி மூளைக்கும் செல்லுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதனினும் நுட்பமானது. எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியை உற்று நோக்குவதாகக் கொள்வோம். அப்புள்ளியின் வழியே மேலிருந்து கீழாக ஒரு கோடு செல்வதாகவும் எண்ணிக்கொள்வோம். கோட்டிற்கு இடப்புறம் உள்ளவை யாவும் இடப்புலம். வலப்புறம் உள்ளவை யாவும் வலப்புலம். ஒரு கண்ணை மூடினாலும் மற்றொரு கண் இரு புலங்களையும் காணும். ஆகவே, பிரிவினை கண்ணுக்குக் கண் நிகழ்வதில்லை. புலத்திற்குப் புலம் நிகழ்கிறது.

இது எவ்வாறு நடைபெறுகிறது? ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலிருந்தும் புறப்படும் நரம்பிழைகளில், மூக்கின் பக்கத்துப் பாதியிலிருந்து வருவன மூளையின் அடிப்புறத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டு எதிர்ப்பக்கம் செல்லுகின்றன. பொட்டின் பக்கத்துப் பாதியிலிருந்து வருவன குறுக்கிடாமல் தம் பக்கத்திலேயே செல்லுகின்றன. இப்பாதிக் குறுக்கீட்டின் பயனாக, இரு கண்களும் கண்ட இடப்புலக் காட்சி முழுவதும் மூளையின் வலப்பாதியைச் சேருகிறது. வலப்புலக் காட்சி முழுவதும் இடப்பாதியைச் சேருகிறது. ஐசக் நியூட்டன் 1704ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளியியல் நூலின் இறுதியில், ஒரு வினாவின் வடிவிலே, பார்வை நரம்புகள் இவ்வாறுதான் பாதியாகப் பிரிந்து கூடுகின்றனவோ என்று ஊகித்திருந்தார். பிற்கால ஆராய்ச்சி அவ்வூகத்தின் சாரத்தை மெய்ப்பித்தது.

பிரிந்து சென்ற இரு செய்திகளும் பிரிந்தே நின்றுவிடுவதில்லை. மூளையின் இரு பாதிகளையும் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகளைக் கொண்ட ஒரு தடித்த பாலம் இணைக்கிறது. மருத்துவ நூலார் இதனைக் கார்ப்பஸ் கலோசம் என்பர். ஒரு பாதி அறிந்ததைச் சில மில்லி விநாடிகளில், அதாவது விநாடியை ஆயிரமாகப் பகுத்தால் அவற்றுட் சில கூறுகளுக்குள், மறு பாதிக்கு எட்டச் செய்வது இப்பாலமே. நம் பார்வை நடுவே கீறல் ஏதுமின்றி ஒன்றாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இரு பாதிகளின் திறன் சமமானதன்று என்பதற்கு முதற்சான்று பேச்சிலிருந்து கிடைத்தது. 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் பால் புரோக்கா, பேசும் ஆற்றலை இழந்த ஒரு நோயாளி இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்தார். இடப்பாதியின் முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, பிறர் சொல்வதைப் பொருளுணரும் திறனும் இடப்பாதியைச் சார்ந்தது என்று காட்டினார். வலக்கைப் பழக்கமுடையோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோர்க்கும், இடக்கைப் பழக்கமுடையோரில் பெரும்பாலோர்க்கும் மொழியின் முதன்மை இருப்பிடம் இடப்பாதியே என்பது இன்று உறுதிப்பட்டுள்ளது.

விரைவு எதற்காக?

இரு பாதிகளின் பார்வையைத் தனித்தனியே சோதிக்க விரும்பும் ஆராய்ச்சியாளர்க்கு ஓர் இடர் உண்டு. நம் கண்கள் ஓரிடத்தில் நிலைத்து நில்லா. விநாடிக்கு மூன்று நான்கு முறை இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும். இடப்புறத்தில் ஒரு சொல்லைக் காட்டினால் கண் உடனே அதன்மேல் பாய்ந்துவிடும். பாய்ந்தபின் அச்சொல் நடுவிற்கு வந்துவிடுவதால் இரு பாதிகளும் அதனைப் பெற்றுவிடும். ஆனால், கண் பாய முடிவு செய்து புறப்படுவதற்கு ஏறத்தாழ விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அதற்குள் சொல்லைக் காட்டி மறைத்துவிட்டால், கண் வந்து சேருமுன் காட்சி மறைந்திருக்கும். ஒரு பாதி மட்டுமே அதனை நேரே பெற்றிருக்கும். இதற்காகவே, விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவிற்குப் படத்தைக் காட்டி மறைக்கும் டாக்கிஸ்டாஸ்கோப் என்னும் கருவி பயன்பட்டது. இன்று அவ்வேலையைக் கணிப்பொறித் திரை செய்கிறது. ஆக, ஒரு மாத்திரையினும் குறுகிய பொழுதே இரு பாதிகளையும் பிரித்துக் காட்டும் உளியாயிற்று.

பாலம் துண்டிக்கப்பட்டபோது

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் அறுவை மருத்துவம் நடைபெற்றது. போரில் தலையில் அடிபட்டு, அடங்காத வலிப்பு நோயால் துன்புற்ற முன்னாள் படைவீரர் ஒருவருக்கு, வலிப்பு ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் பரவாதிருக்கும் பொருட்டு, இணைப்புப் பாலத்தை மருத்துவர்கள் துண்டித்தனர். வலிப்பு தணிந்தது. நடை, பேச்சு, அறிவு யாவும் முன்போலவே இருப்பதாகத் தோன்றின. அவரையும் அவரைப் போன்ற பிறரையும் கலிபோர்னியாவில் ரோஜர் ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் மைக்கேல் கஸ்ஸானிகாவும் நுணுகிச் சோதித்தனர்.

திரையின் வலப்புறம் ஒரு சொல் மின்னி மறைந்தால், நோயாளி அதனைத் தயக்கமின்றிப் படித்துச் சொன்னார். அதே சொல் இடப்புறம் மின்னினால், ஒன்றும் காணவில்லை என்றார். ஆனால், திரைக்குக் கீழே மறைத்து வைத்திருந்த பொருள்களுள் ஒன்றை இடக்கையால் எடுக்கச் சொன்னபோது, அச்சொல் குறித்த பொருளையே கை தடவி எடுத்தது! இடப்புறம் சாவி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும், வலப்புறம் மோதிரம் என்னும் பொருள்படும் சொல்லும் ஒருங்கே மின்னின. வாய் மோதிரம் என்றது. இடக்கை சாவியை எடுத்தது. வலப்பாதி கண்டது, ஆனால் கண்டதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

பின்னர் 1970களில் கஸ்ஸானிகாவும் அவருடைய மாணவரும் ஒரு சிறுவனிடம் செய்த சோதனை இன்னும் வியப்பானது. அவனுடைய இடப்பாதி மூளைக்குக் கோழியின் கால் காட்டப்பட்டது. வலப்பாதிக்குப் பனி மூடிய வீட்டின் காட்சி காட்டப்பட்டது. பொருத்தமான படங்களை எடுக்கச் சொன்னபோது வலக்கை கோழியைச் சுட்டியது. இடக்கை பனி அள்ளும் மண்வாரியைச் சுட்டியது. ஏன் மண்வாரி என்று கேட்டனர். பனியைக் காணாத இடப்பாதி தயங்காமல் விடை கூறியது: கோழிக் கூட்டைத் துப்புரவு செய்ய மண்வாரி வேண்டுமே! தான் அறியாத ஒன்றிற்கும் காரணம் புனைந்து இட்டு நிரப்பும் இயல்பு நம் பேசும் பாதிக்கு உண்டு என்பதை இச்சோதனை வெளிப்படுத்தியது. இவ்வாராய்ச்சிகளுக்காக ஸ்பெர்ரிக்கு 1981ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசெல் ஆகிய இருவருடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

பாலம் உள்ளோர் காண்பது

பாலம் முழுமையாக உள்ள நம்மிடத்தும் இவ்வேற்றுமையின் சுவடு தெரிகிறது. சொற்களை மின்னலெனக் காட்டினால், வலப்புறத்தில் தோன்றுவனவற்றையே பெரும்பாலோர் விரைந்தும் பிழையின்றியும் படிக்கின்றனர்; ஏனெனில் அவை மொழிப்பாதிக்கு நேரே சென்றுவிடுகின்றன. இடப்புறத்தில் தோன்றுவன பாலம் கடந்து வரவேண்டும். இதற்கு மாறாக, சிதறிய புள்ளிகள் எத்தனை என்று ஒரே பார்வையில் மதிப்பிடச் சொன்னால், இடப்புறத்திலேயே திறன் மிகுகிறது. கனடா நாட்டு உளவியலார் டோரீன் கிமுரா 1966இல் இதனைக் காட்டினார். முகங்களை அடையாளம் காண்பதிலும் வலப்பாதி மூளை, ஆகவே இடப்புலம், பொதுவாக முந்துகிறது.

மற்றொரு வேற்றுமை முழுமையையும் கூறுகளையும் பற்றியது. நம் வீட்டு வாயிற்கோலத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பார்வையில் அது தாமரை. மறு பார்வையில் அது புள்ளிகளும் இழைகளும். 1986இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், சின்னஞ்சிறு இசட் எழுத்துகளை அடுக்கிப் பெரிய எம் எழுத்தின் உருவம் அமைத்து, மூளை பழுதுற்ற நோயாளிகளிடம் காட்டிப் பின்னர் வரையச் சொன்னார்கள். வலப்பாதி பழுதுற்றவர் சிறு இசட் எழுத்துகளைத் தாள் முழுவதும் சிதற எழுதினர். அவை கூடி ஆக்கிய எம் வடிவம் காணப்படவில்லை. இடப்பாதி பழுதுற்றவர் பெரிய எம் ஒன்றை வரைந்தனர். அதனுள் இசட் ஏதும் இல்லை. முன்னவர்க்குக் கோலம் போயிற்று, புள்ளி நின்றது. பின்னவர்க்குப் புள்ளி போயிற்று, கோலம் நின்றது. முழு உருவைப் பற்றிக்கொள்வதில் வலப்பாதியும், நுண்கூறுகளைப் பிரித்தறிவதில் இடப்பாதியும் சற்று மேம்பட்டன என்று இதனால் உணரலாம்.

படிக்கும் திசையின் பங்கு

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அதனால்தான் வலப்புறத்துச் சொல் எளிதாகிறதோ? வினா நேர்மையானது, ஆராய்ச்சியாளரும் இதனைத் தொடக்கத்திலேயே கேட்டனர். 1952இல் மிஷ்கின், ஃபோர்கேஸ் என்னும் இருவர், ஆங்கிலத்துடன், வலமிருந்து இடமாக எழுதப்படும் இத்திய மொழியையும் அறிந்தோரைச் சோதித்தனர். ஆங்கிலச் சொற்கள் வலப்புறத்தில் தெளிவாக மேம்பட்டன. இத்தியச் சொற்களுக்கோ அம்மேம்பாடு இல்லை. சாய்வு இடப்பக்கமாகவே இருந்தது. ஆகவே மூளையின் பங்கோடு பழக்கத்தின் பங்கும் கலந்திருக்கிறது.

நம் நாட்டு எழுத்துகளும் இவ்வினாவிற்கு அரிய சான்று தருகின்றன. பேச்சில் இந்தியும் உருதுவும் மிக நெருங்கியவை. எழுத்தில் ஒன்று இடமிருந்து வலம், மற்றொன்று வலமிருந்து இடம். 1989இல் ஜ்யோத்ஸ்னா வைத், மகராஜ் சிங் ஆகிய இருவர், ஒரு பாதி சிரித்தும் மறுபாதி சிரியாதும் அமைத்த முகப்படங்களைப் பல்வேறு எழுத்துப் பழக்கமுடையோரிடம் காட்டினர். எம்முகம் மகிழ்ச்சியாகத் தோன்றுகிறது என்று கேட்டபோது, இந்தி படிப்போர் தமக்கு இடப்புறத்தில் உள்ள பாதியையே பெரிதும் நம்பினர். வலமிருந்து இடமாகப் படித்துப் பழகியோரிடம் அவ்விடச்சாய்வு அவ்வாறு அமையவில்லை. முகத்தைக் காண்பதிலுங்கூடப் பள்ளியில் பழகிய எழுத்தின் திசை ஊடாடுகிறது என்பது இதனால் புலனாயிற்று.

படிக்கும்போது நம் பார்வை எவ்வளவு அகலத்தைப் பற்றுகிறது என்பதும் இத்தகையதே. ஆங்கிலம் படிப்பவர், தாம் நோக்கும் எழுத்திற்கு இடப்புறம் மூன்று நான்கு எழுத்துகளையும், வலப்புறம் பதினான்கு பதினைந்து எழுத்துகள் வரையும் பயன்படுத்திக்கொள்கின்றனர். ஆங்கிலமும் உருதுவும் அறிந்தோரிடம் செய்த சோதனையில், உருது படிக்கையில் இவ்வகலம் இடப்புறமாகத் திரும்பிவிட்டது. ஒரே மனிதர், ஒரே மூளை. மொழி மாறியதும் கவனத்தின் முன்னணி திசை மாறிற்று! தில்லியின் நான்கெழுத்துப் பலகையின்முன் உருதுவும் இந்தியும் அறிந்த ஒருவர் நிற்கும்போது, அவருடைய கவனம் வரிக்கு வரி திசை மாறக்கூடும்.

வேகம் மிகுந்தால் நிகழ்வது

இதுவரை கூறியதைக் கொண்டு, எழுத்து என்றால் வலப்புலமும் இடப்பாதி மூளையுமே வெல்லும் என்று முடிவு கட்டத் தோன்றும். அம்முடிவை அசைக்கும் ஒரு சோதனை உண்டு.

1992இல் கனடாவில் ரேமண்ட், ஷாப்பிரோ, ஆர்னெல் என்போர் ஒரு விந்தையை வெளியிட்டனர். திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, விநாடிக்குப் பத்து வீதம் மின்னி மறைகின்றன. அவற்றுள் இரண்டைக் கண்டுகொள்ள வேண்டும். முதல் இலக்கைக் கண்டவர், அடுத்த அரை விநாடிக்குள் வரும் இரண்டாம் இலக்கைப் பெரும்பாலும் தவறவிடுகின்றனர். கண் திறந்தே இருக்கிறது, கவனம் இமைத்துவிடுகிறது. ஆகவே இதற்குக் கவனத்தின் இமைப்பு என்று பெயரிட்டனர்.

பின்வந்த ஆராய்ச்சியாளர், ஒரு வரிசைக்குப் பதிலாக இரண்டு வரிசைகளை, ஒன்றை நடுப்புள்ளியின் இடப்புறத்திலும் மற்றொன்றை வலப்புறத்திலும் ஓடவிட்டனர். இரண்டாம் இலக்கு எப்பக்கம் வரும் என்று முன்னரே தெரியாது. இலக்குகளோ எழுத்தும் எண்ணும். மொழிப்பாதிக்கு உரியவை என்று நாம் எண்ணுபவை. வலப்புறம் வெல்லும் என்றே எதிர்பார்ப்போம். முடிவு நேர்மாறாக இருந்தது. இரண்டாம் இலக்கு இடப்புறம் வந்தபோதே மிகுதியானோர் அதனைச் சரியாக அறிந்தனர். ஜெர்மனியில் வெர்லெகர் என்பாரும் அவருடைய குழுவினரும் இதனைப் பல முறை சோதித்தனர். இடமிருந்து படிக்கும் பழக்கமே காரணமோ என்று ஐயுற்று, 2010இல் ஜெர்மனி, இஸ்ரேல், தைவான் ஆகிய மூன்று நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தனர். வலமிருந்து இடமாக ஹீபுரு படிப்போரிடமும் இடப்புல மேம்பாடு மறையவில்லை.

இதற்கு விளக்கம் யாது? எழுத்தைப் பெயரிட்டு அறிவது வேறு. ஓயாது ஓடும் கூட்டத்தினிடையே வேண்டியதைக் கண நேரத்தில் பிடித்து நிறுத்துவது வேறு. பின்னது கவனத்தின் வேலை. எதிர்பாராத இடத்தில் தோன்றும் புதியதை நோக்கிக் கவனத்தைத் திருப்பும் நரம்பு வலை, வலப்பாதி மூளையின் பக்கவாட்டில் வலிமை மிக்கது என்று வேறு பல ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன. நிதானமாக ஒரே ஒரு சொல் மின்னும்போது மொழிப்பாதியின் திறன் முந்துகிறது. காட்சி வெள்ளமெனப் பாயும்போது கவனப்பாதியின் திறன் முந்துகிறது. எப்பாதி சிறந்தது என்னும் வினாவிற்குத் தனி விடை இல்லை. வேலை எது, வேகம் எவ்வளவு, பழக்கம் யாது என்னும் மூன்றையும் பொறுத்தே விடை அமைகிறது.

விற்பனைக்கு வந்த வலமூளை

இடமூளைக்காரர் கணக்கில் வல்லவர், வலமூளைக்காரர் கலையில் வல்லவர் என்று மக்களை இரண்டாகப் பிரிக்கும் பேச்சு நகரங்களில் மிகுதியாக வழங்குகிறது. குழந்தையின் வலமூளையைத் தட்டியெழுப்புவதாகக் கூறும் வகுப்புகளும் பல ஊர்களில் நடைபெறுகின்றன. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கச் செய்வதாகக் கூறிக் காட்டும் வித்தைகளும் உண்டு. கண்ணில் ஒளி படாமல் பார்வை நரம்பிற்குச் செய்தி இல்லை. செய்தி இல்லாமல் எந்தப் பாதியும் எழுத்தைக் காண இயலாது. துணிக்கட்டின் கீழே, மூக்கின் ஓரத்தில் உள்ள இடைவெளியே அங்கு படிக்க உதவுகிறது.

2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார், 7 முதல் 29 வயது வரையுள்ள 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தனர். சில வேலைகள் இடத்திலும் சில வலத்திலும் சார்ந்திருப்பதைக் கண்டனர். ஆனால், ஒருவருடைய மூளை முழுவதும் ஒரு பக்கம் ஓங்கியிருப்பதாக எவரிடத்தும் காணவில்லை. நாம் முன்னர் கண்ட வேற்றுமைகளுங்கூட, பாலம் நலமாக உள்ளவரிடம், மில்லி விநாடிகளாலும் சிறு விழுக்காடுகளாலும் அளக்கப்படுவனவே. அயலூரில் அரும்பாடுபட்டு ஈட்டும் பொருளை இத்தகைய வகுப்பில் இடுமுன், பெற்றோர் இவ்வளவையேனும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

பாதி உலகு மறையும் நோய்

இனி, இவ்வறிவு உயிருக்குத் துணையாகும் இடத்திற்கு வருவோம்.

பக்கவாதம் மூளையின் பின்புறத்து ஒரு பாதியைத் தாக்கினால், எதிர்ப்புலம் இரு கண்களுக்கும் மறைந்துவிடும். நோயாளி பெரும்பாலும் இடக்கண் தெரியவில்லை என்றோ வலக்கண் தெரியவில்லை என்றோ கூறுவார். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்பார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னால், இரண்டிலும் அதே பக்கம் குறைவுபடுவது தெரியும். அதுவே குறை கண்ணில் இல்லை, மூளையில் உள்ளது என்பதன் அடையாளம். வலப்புலம் மறைந்தவர்க்குத் தமிழ் படிப்பது பெருந்துன்பமாகிவிடும். அடுத்து வரும் எழுத்துகள் யாவும் இருளில் இருக்கும். இடப்புலம் மறைந்தவர் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் தடுமாறுவார்.

இதனினும் வியப்பானது, வலப்பாதியின் கவனப்பகுதி தாக்கப்படும்போது நிகழ்வது. கண் காண்கிறது, ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே உள்ளம் விட்டுவிடுகிறது. இலையில் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு, இடப்பக்கத்து ஊறுகாயும் கறியும் பரிமாறப்படவேயில்லை என்று முதியவர் குறைகூறுவார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் மழித்துக்கொள்வார். இடப்புறமிருந்து அழைக்கும் மகளுக்கு மறுமொழி கூறார். மூப்பின் பிடிவாதம் என்றோ, கோபம் என்றோ இல்லத்தார் இதனைத் தவறாகக் கருதுதல் கூடும்.

1978இல் இத்தாலியின் மிலான் நகரத்து ஆராய்ச்சியாளர் பிஸியாக்கும் லுட்ஸாட்டியும் இத்தகைய நோயாளிகளை, அவர்கள் நன்கறிந்த பேராலயச் சதுக்கத்தை மனக்கண்ணால் கண்டு வருணிக்கச் சொன்னார்கள். ஆலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணியபோது, வலப்பக்கத்துக் கட்டடங்களையே கூறினர். ஆலயப் படியில் நின்று எதிர்த்திசை நோக்குவதாக எண்ணச் சொன்னபோது, முன்பு விட்டவற்றைக் கூறி, முன்பு கூறியவற்றை விட்டுவிட்டனர். நினைவு முழுமையாகவே இருந்தது. அதன் இடப்பாதிக்குக் கவனம் செல்லவில்லை. தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கலிபோர்னியாவில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1997இல் இந்நோயாளிகளின் வலப்புறம் ஒரு கண்ணாடியை வைத்து, இடப்புறம் பிடித்த பொருளை அதில் தெரியச் செய்தனர். சிலர் தம் இடப்புறம் திரும்பாமல், கண்ணாடிக்குள் கையை நீட்டி அப்பொருளைத் தேடினர்.

வலப்பாதியைத் தாக்கும் பக்கவாதத்தில் பேச்சு பெரும்பாலும் கெடுவதில்லை. நோயாளியும் தமக்கு ஒன்றுமில்லை என்றே கூறுவார். ஆதலால் காலதாமதம் நேர்கிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டும். அதற்குள்ளும் முன்னதாகத் தருந்தோறும் பயன் மிகுதி. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல், திடீரெனப் பார்வையின் ஒரு பாதி மறைதல், ஒரு பக்கத்தை முற்றும் புறக்கணித்தல் ஆகியவற்றுள் ஒன்று திடீரென்று தோன்றினாலும் காத்திருத்தல் ஆகாது. நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 112 அல்லது 108 என்னும் எண்ணிற்கு அழைத்து, மூளைப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு சேர்க்க வேண்டும். உள்ளூர் மொழியில் சொல்லத் தெரியாதோர், எந்நேரத்தில் தொடங்கியது, எப்பக்கம் தெரியவில்லை என்னும் இரண்டை மட்டுமேனும் அம்மொழியில் சொல்லக் கற்றுவைத்துக்கொள்வது நன்று.

நோய் தணிந்தபின் பொறுமை வேண்டும். தண்ணீர், அழைப்பு மணி போன்றவற்றை முதலில் அவர் அறியும் பக்கத்திலேயே வையுங்கள். பின்னர் மெல்ல மெல்ல இடப்புறம் தேடிப் பார்க்கப் பழக்குங்கள். படிக்கும் தாளின் இடது ஓரத்தில் தடித்த செங்கோடு ஒன்று இட்டு, ஒவ்வொரு வரிக்கும் அக்கோட்டைக் கண்டபின் படிக்கச் சொல்வது மருத்துவர் கையாளும் முறை. பலருக்கு நாளடைவில் கவனம் பெரிதும் திரும்புகிறது.

நேயர்களே, நாம் ஒன்றெனக் காணும் உலகம், இரு பாதிகள் கண்டு, ஒரு பாலத்தின் வழியே கூட்டி, ஓர் இமைப்பொழுதிற்குள் தொகுத்துத் தரும் உலகமாகும். அத்தொகுப்பு நலமாக நடைபெறும் வரை அதனை நாம் அறிவதேயில்லை. அது தவறும்போது, இலையில் எஞ்சிய சோறும், மறுமொழியின்றிப் போன அழைப்புமே நமக்குக் கிட்டும் முதற்செய்திகள். அச்செய்தியைப் படிக்க அறிந்தவர் அருகில் இருப்பாராயின், ஒருவருடைய உலகின் மறு பாதியை மீட்டுத் தர இயலும்.